மூடுபனியில் பறவைக் கணக்கு

நுழையும்முன்

பனியும் மழையும் பார்வையை மறைக்கும் காலையில் ஏரிப் பறவைகளை எண்ண முடியுமா? எண்ணினாலும் அந்த எண்ணை நம்பலாமா? தொழிற்சாலைகள் சூழ்ந்த ஏரிகளுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? வலசைப் பறவைகளின் கணக்கெடுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், வானிலை சரியில்லாத நாளின் பதிவுக்கும் மதிப்பு உண்டு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரிகள் நிறைந்த தொழில்வெளி

சென்னைக்குத் தென்மேற்கே, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் நிலப்பரப்பு, இந்தியாவின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய மகிழுந்து ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. விடியற்காலையிலேயே முதல் பணிமுறைக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இப்பகுதிச் சாலைகளில் வரிசையாகச் செல்வதைக் காணலாம்.

இந்தச் சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் முன்பே இங்கு உருவானவை ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' என்றே பெயர் பெற்றிருந்தது. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லாத இந்நிலத்தில், சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் பருவமழையைத் தேக்கிவைப்பதற்காக முன்னோர் ஏரிகளைச் சங்கிலித் தொடராக அமைத்தனர். மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர், வாய்க்காலில் ஓடித் தாழ்வில் உள்ள ஏரியைச் சென்று சேரும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கி வருகிறது. 24 அடி நீர்மட்டமும் 364.5 கோடி கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம், சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும்.

ஏரியின் அமைப்பே பறவைகளுக்கு வாய்ப்பாக இருக்கிறது. கரையை ஒட்டிய பகுதி ஆழமானது; அங்கு நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மீன் பிடிக்கும். நடுத்தர ஆழத்தில் வாத்துகள் நீந்தி மேயும். நீர் வந்து சேரும் எதிர்ப்புறம், அதாவது ஏரியின் உள்வாய்ப் பகுதி, படிப்படியாக ஆழம் குறைந்து சேறாக முடியும். அச்சேற்றில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் புழு பூச்சிகளைத் தேடி உண்ணும். கூழைக்கடா முதல் கொசு உள்ளான் வரை பலவகைப் பறவைகள் ஒரே ஏரியில் வாழ்வதற்கு இந்த ஆழ வேறுபாடே காரணம். மண் கொட்டி மேடாக்குவதற்கு எளிதாக இருப்பதும் இந்த ஆழமற்ற விளிம்புதான். கோடையில் அது வெறும் நிலம்போலத் தோன்றுவதால், ஏரியின் பகுதி என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர்.

வலசை வரும் விருந்தினர்

பருவத்திற்கு ஏற்பப் பறவைகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ந்து சென்று, பின்னர்த் திரும்புவதை 'வலசை போதல்' என்கிறோம். சைபீரியா, நடு ஆசியா முதலிய பகுதிகளில் குளிர்காலம் தொடங்கும்போது நீர்நிலைகள் உறைகின்றன. பூச்சிகளும் நீர்த்தாவரங்களும் கிடைப்பது அரிதாகிறது. எனவே பறவைகள் உணவு கிடைக்கும் தென்திசையை நாடுகின்றன. அவற்றின் வழித்தடங்களுள் ஒன்றான நடு ஆசியப் பறக்கும் பாதை, வடதுருவப் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை பரந்து விரிந்தது.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பும் காலத்தில் இவை இங்கு வந்து சேர்கின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகிய வாத்துகளும், பொறி உள்ளான், கருவால் மூக்கன், பச்சைக்காலி ஆகிய கரைப்பறவைகளும், மீசை ஆலாவும், சேற்றுப் பூனைப்பருந்தும் அவ்வாறு தொலைவிலிருந்து வருபவை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா போன்றவை நம் நாட்டிலேயே இனப்பெருக்கம் செய்பவை. எனினும் நீரும் மீனும் கிடைக்கும் இடத்தைத் தேடி இவையும் ஏரிக்கு ஏரி இடம் மாறுகின்றன.

பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்குச் செல்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், தகைவிலான்கள் குளிர்காலத்தில் பொந்துகளில் மறைந்து உறங்குகின்றன என்று கருதினார். 1822இல் செருமனியில் பிடிபட்ட ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று தைத்திருந்தது. அந்தப் பறவை ஆப்பிரிக்கா வரை சென்று திரும்பியது என்பதற்கு அந்த ஈட்டியே சான்றானது. 1899இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் மார்டென்சன், எண் பொறித்த உலோக வளையங்களைப் பறவைகளின் கால்களில் அணிவித்து ஆராயும் முறையைத் தொடங்கினார். இந்தியாவில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் பெருமளவில் வளையமிடும் பணியை மேற்கொண்டது. கோடியக்கரை அப்பணியின் முதன்மையான களங்களுள் ஒன்று. இன்று சிறிய செயற்கைக்கோள் கருவிகளும் பயன்படுகின்றன. 2022இல் அத்தகைய கருவி பொருத்தப்பட்ட ஒரு மூக்கன் பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாள்களில் இடைநில்லாமல் கடந்தது பதிவாகியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

நாரையைத் தூது விட்டுப் பாடியவர் சத்திமுத்தப் புலவர். தென்திசைக் குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் நாரையிடம், தம் வறுமை நிலையைத் தம் மனைவிக்குச் சொல்லுமாறு அவர் வேண்டுகிறார். பறவைகள் பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீளும் என்பதைத் தமிழர் உற்றுநோக்கி அறிந்திருந்தமைக்கு அப்பாடல் ஒரு சான்று.

எண்ணுவது ஏன்?

வளையமும் கருவியும் தனிப்பறவை ஒன்றின் பயணத்தைக் காட்டும். ஓரினம் பெருகுகிறதா, குறைகிறதா என்பதை அறிய வேண்டுமானால், பல இடங்களில், பல ஆண்டுகள், ஒரே முறையில் எண்ண வேண்டும். 1900ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் பிராங்க் சாப்மன் என்பவரின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 இடங்களில் 27 பேர் பறவைகளை எண்ணினர். பண்டிகை நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு மாற்றாகத் தோன்றிய அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது. 1967இல் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியப் பிரிவு, 1987 முதல் ஒவ்வோராண்டும் ஜனவரியில் நடைபெற்றுவருகிறது.

தமிழ்நாட்டு வனத்துறை, தன்னார்வலர்களின் துணையுடன் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. ஈரநிலப் பறவைகளும் நிலப்பறவைகளும் தனித்தனிக் கட்டங்களில் எண்ணப்படுகின்றன. 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் பங்கேற்கின்றனர். அவர்கள் தம் பதிவுகளை 'இ-பேர்ட்' என்னும் இணையத் தரவகத்தில் சேர்க்கின்றனர்.

சிறு சிறு பதிவுகளும் ஒன்றுசேரும்போது பெரும் சான்றாகின்றன. 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 178 இனங்கள் பாதுகாப்பில் உயர் முன்னுரிமை பெற வேண்டியவை என அது வகைப்படுத்தியது.

ஏரிக்கரையில் ஒரு காலைப்பணி

கணக்கெடுப்புக் குழு சூரியன் எழுமுன் ஏரியை அடையும். காலை வேளையில் கிழக்குப் பக்கம் நின்று பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறமும் அலகின் வடிவும் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவைகளும் கரிய நிழல்களாகவே தோன்றும். எனவே எங்கு நின்று எண்ணுவது என்பதை முந்தைய நாளே முடிவுசெய்வது நல்லது.

குழுவில் ஒருவர் இருகண் நோக்கியால் பார்த்துச் சொல்ல, மற்றொருவர் குறிப்பேட்டில் எழுதுவார். எண்ணுபவர் கண்ணை எடுக்காமல் எண்ணுவதற்கு இவ்வேலைப் பகிர்வு உதவுகிறது. பெரிய ஏரியாக இருந்தால் மதகு, கலங்கல், பனைமரம் போன்ற நிலையான அடையாளங்களைக் கொண்டு அதனைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு குழுக்கள் எண்ணும். ஒரு பறவையை இருமுறை எண்ணிவிடாமல் இருக்க, எல்லாரும் ஒரே திசையில் நகர்வர். எண்ணி முடித்த பகுதியிலிருந்து எழுந்து பறந்து முன்னால் சென்று அமரும் கூட்டத்தை மீண்டும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

சில பத்துப் பறவைகள் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம். பல நூறு வாத்துகள் மிதக்கும்போது அது இயலாது. முதலில் 10 பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதே அளவுள்ள எத்தனை கட்டங்கள் அக்கூட்டத்தில் அடங்கும் எனக் கணக்கிட வேண்டும். கூட்டம் மிகப் பெரிதானால் 50 அல்லது 100 பறவைகள் கொண்ட கட்டத்தை அளவாகக் கொள்ளலாம். நெற்களத்தில் ஒரு மூட்டையை அளந்து குவியலை மதிப்பிடுவதைப் போன்றது இம்முறை. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாக இராது என்பதால், நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியே அளவெடுத்தால் பிழை குறையும்.

வானிலை குறுக்கிடும்போது

கணக்கெடுப்பு நடைபெறும் காலம் தெளிந்த வானத்திற்கு உறுதி தருவதில்லை. ஜனவரி மாதக் காலைகளில் வட தமிழகத்து ஏரிகளின்மீது மூடுபனி படிவதுண்டு. பொங்கலுக்கு முந்தைய போகி நாளில் எழும் புகையும் அப்பனியோடு கலந்துவிட்டால், எதிர்க்கரை முற்றிலும் மறைந்துவிடும். சில ஆண்டுகளில் மழையும் காலந்தாழ்ந்து பெய்கிறது. 2021 ஜனவரியில் தமிழகத்தின் பல பகுதிகளில் வழக்கத்தை மீறி மழை பெய்தது.

மோசமான வானிலை பறவைக் கணக்கை மூன்று வகைகளில் பாதிக்கிறது.

முதலாவது, காண்பவரின் பார்வை குறைகிறது. பனியில் தொலைவும் நிறமும் மறைகின்றன. இருகண் நோக்கியின் வில்லையில் நீர்த்துளி படிகிறது. குறிப்பேடு நனைந்து எழுத்து கலைகிறது. பெண் நீலச்சிறகியும் பெண் ஊசிவால் வாத்தும் நல்ல வெளிச்சத்திலேயே எளிதில் பிரித்தறிய முடியாதவை. பனியில் அவை வெறும் பழுப்பு உருவங்களாகவே தெரியும்.

இரண்டாவது, பறவையின் நடத்தை மாறுகிறது. பலத்த காற்று வீசும்போது சிறிய கரைப்பறவைகள் கரையின் மறைவிலும் வரப்பின் ஓரத்திலும் ஒதுங்குகின்றன. மழையில் பல பறவைகள் கோரைக்குள்ளும் நாணலுக்குள்ளும் அசையாமல் அமர்ந்திருக்கும். அவை ஏரியில் இருக்கும், கண்ணுக்குப் புலப்படா.

மூன்றாவது, பறவை இருக்கும் இடமே மாறுகிறது. மிகுந்த மழையால் ஏரி முழுமையாக நிரம்பினால் ஆழமற்ற சேற்று விளிம்பு நீருக்குள் மறைந்துவிடும். நீண்ட கால்களைக் கொண்ட மூக்கன்கூட அங்கு நிற்க முடியாது. அப்போது கரைப்பறவைகள் சிறு குட்டைகளுக்கும், நடவுக்கு நீர் கட்டிய வயல்களுக்கும், காலி மனைகளில் தேங்கிய மழைநீருக்கும் சிதறிச் செல்கின்றன. மழை குறைந்த ஆண்டில் பல ஏரிகள் வற்றிவிட, எஞ்சிய சில ஏரிகளில் பறவைகள் நெருக்கமாகத் திரள்கின்றன. ஆகவே பெரிய ஏரியில் எண்ணிக்கை உயர்வது எப்போதும் நற்செய்தி ஆகாது. சுற்றியுள்ள நீர்நிலைகள் வற்றியதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

எண்ணும் சூழலும்

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். ஓர் ஏரியில் முதல் ஆண்டு தெளிந்த காலையில் 600 நீலச்சிறகிகள் எண்ணப்பட்டன என்று கொள்வோம். மறு ஆண்டு மூடுபனி. எண்ணப்பட்டவை 210. இவ்விரு எண்களை மட்டும் பார்ப்பவர், நீலச்சிறகிகள் 65 விழுக்காடு குறைந்துவிட்டன என்று முடிவுசெய்வார்.

குறிப்பேட்டில் மேலும் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் நிலைமை மாறும்: "காலை 6.30 முதல் 8.00 வரை அடர்ந்த பனி. ஏரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி மட்டுமே தெரிந்தது." பறவைகள் ஏரி முழுதும் சீராகப் பரவியிருந்தால், 600இல் மூன்றில் ஒரு பங்கு 200 ஆகும். எனவே 210 என்னும் எண் வீழ்ச்சியைக் காட்டவில்லை. அதற்காக, 210ஐ மூன்றால் பெருக்கி 630 என்று எழுதிவிடவும் கூடாது. தெரிந்த பகுதியிலேயே வாத்துகள் திரண்டிருக்கலாம். தெரியாத பகுதியில் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். அந்தக் காலையின் நேர்மையான முடிவு இதுதான்: பார்க்க முடிந்த பகுதியில் 210 பறவைகள் இருந்தன, இவ்வெண்ணை முந்தைய ஆண்டின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட இயலாது, வாய்ப்பிருந்தால் தெளிந்த மற்றொரு நாளில் மீண்டும் எண்ண வேண்டும்.

இதனால்தான் ஒவ்வொரு பதிவிலும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, பங்கேற்றோர் எண்ணிக்கை ஆகியன கேட்கப்படுகின்றன. அவற்றோடு பனி, மழை, காற்று, நீர்மட்டம், மீன்பிடிப்பு, மண் அள்ளுதல் போன்ற சூழல் குறிப்புகளையும் எழுத வேண்டும். ஒரு மணிநேரத்தில் ஒருவர் கண்டதையும் நான்கு மணிநேரத்தில் பத்துப் பேர் கண்டதையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட முடியாது. எவ்வளவு முயற்சியால் கிடைத்த எண் என்பது தெரிந்தால் மட்டுமே அந்த எண் அறிவியலுக்குப் பயன்படும்.

மற்றொரு நெறியும் உண்டு. இனம் தெளிவாகத் தெரியாத பறவையை ஊகித்துப் பெயரிடக் கூடாது. "இனம் அறியப்படாத வாத்து – 40" என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. சென்ற ஆண்டு ஊசிவால் வாத்து வந்தது என்பதற்காக, இவ்வாண்டு பனிக்குள் தெரிந்த நீண்ட கழுத்தையும் ஊசிவால் என்று எழுதினால், அடுத்த ஆண்டு ஆய்வாளர் அதனை உண்மையென்றே கொள்வார். ஒரு காலையின் அவசரம் பல ஆண்டுக் கணக்கைத் திரித்துவிடும்.

இல்லை என்பதும் ஒரு பதிவு

மழையில் நனைந்து மூன்று மணிநேரம் நின்றும் எதிர்பார்த்த பறவை தென்படவில்லை எனில், பலர் பதிவு செய்யாமலேயே திரும்பிவிடுகின்றனர். இது கணக்கெடுப்பில் நேரும் பெரிய இழப்பாகும். நல்ல காட்சி கிடைத்த நாள்களை மட்டுமே எல்லாரும் பதிவு செய்தால், பறவைகள் குறைந்துவரும் ஏரியும் தரவுகளில் செழிப்பாகவே தோன்றும்.

ஒரு நேரத்தில் கண்ட, கேட்ட எல்லா இனங்களையும் விடாமல் எழுதிய பட்டியலை 'முழுமையான பட்டியல்' என்பர். அதில் இடம்பெறாத இனம், தேடியும் கிடைக்காத இனம் என்று பொருள்படும். இத்தகைய பட்டியல்கள் நூற்றில் எத்தனையில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்பதைக் கணக்கிட்டே, அவ்வினம் அரிதாகி வருகிறதா என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். எனவே சுழியமும் ஓர் எண்ணே. தேடிய நேரமும் அன்றைய வானிலையும் உடன் எழுதப்பட்டிருந்தால், அது பயனுள்ள எண்ணாகவும் ஆகும். பனி காரணமாகத் தெரியாமல் போனதா, உண்மையிலேயே வரவில்லையா என்பதைப் பிற நாள்களின், பிற ஏரிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பின்னர் அறிந்துகொள்ளலாம்.

கரையில் காக்க வேண்டிய ஒழுக்கம்

பனிக்குள் மறைந்திருக்கும் பறவைகளை வெளிக்கொணர்வதற்காகக் கல்லெறிவதோ கைதட்டி எழுப்புவதோ கூடாது. குளிர்ந்த, ஈரமான காலையில் உடல் வெப்பத்தைக் காப்பதற்கே பறவைகள் மிகுந்த ஆற்றலைச் செலவிடுகின்றன. தேவையின்றிப் பறக்கச் செய்தால் அந்த ஆற்றல் வீணாகும். திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்குத் தேவையான கொழுப்பை அவை சேமிப்பது இந்த ஏரிகளில்தான். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்கும்போது வாத்துக் கூட்டம் தானாகவே எழுந்து வட்டமிட்டு அமர்வதுண்டு. அவ்வேளையில் அமைதியாகக் காத்திருந்து, அவை அமர்ந்தபின் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எண்ணுவோரின் பாதுகாப்பும் முதன்மையானது. மழையில் ஊறிய கரைமண் வழுக்கும். மதகையும் கலங்கலையும் நீர் வேகமாகக் கடக்கும் நாளில் அவற்றின் அருகே செல்லக் கூடாது. இடி இடித்தால் திறந்த கரையை விட்டு உடனே கட்டடத்திற்குள் ஒதுங்க வேண்டும். தனியே செல்லாமல் குழுவாகச் செல்வதும், வீட்டாருக்கும் பள்ளிக்கும் தெரிவித்துவிட்டுச் செல்வதும் மாணவர்கள் கட்டாயம் பின்பற்ற வேண்டியவை. பாதியில் நிறுத்திய கணக்கெடுப்பையும் நேரத்தைக் குறிப்பிட்டுப் பதிவு செய்யலாம்.

எழுத்து காத்த ஏரி

ஏரிக்கும் பறவைக்கும் எழுத்துச் சான்று எவ்வாறு காவலாகிறது என்பதை இவ்வட்டாரத்திற்குத் தெற்கே உள்ள வேடந்தாங்கல் காட்டுகிறது. அவ்வூர் மக்கள் தம் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெள்ளையர் படைவீரர்கள் அப்பறவைகளைச் சுட்டபோது, மக்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஏற்று 1798இல் அவர் ஆவணம் வழங்கினார். மக்களின் வழக்கம் எழுத்து வடிவம் பெற்றதால் பிற்காலப் பாதுகாப்புக்கு அது அடித்தளமாயிற்று. 2022இல் வேடந்தாங்கலும் அண்மையில் உள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஈரநிலங்களைக் காப்பதற்கான அந்த உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரானில் உள்ள ராம்சார் நகரில் உருவானது.

வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் தம் குஞ்சுகளுக்கு வேண்டிய இரையை அச்சிறிய ஏரியில் மட்டும் தேடுவதில்லை. சுற்றுவட்டாரத்தில் உள்ள பெயர் அறியப்படாத பல ஏரிகளும் வயல்களும் சேர்ந்தே அவற்றுக்கு உணவளிக்கின்றன. சரணாலயம் என்னும் பெயர் பெறாத அந்த ஏரிகளுக்குச் சிறப்புச் சட்டக்காவல் குறைவு. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் சாலை அகலப்படும்போதும், புதிய ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடம் தேவைப்படும்போதும், ஏரியின் விளிம்பு "பயனற்ற நிலம்" என்று கருதப்படும் வாய்ப்பு மிகுதி. அப்போது, "இந்த விளிம்பில் ஆண்டுதோறும் பறவைகள் வந்து மேய்கின்றன" என்பதை நினைவாலும் உணர்வாலும் மட்டும் நிறுவ முடியாது. எந்த ஆண்டு, எந்த நாள், எந்த இனம், எத்தனை பறவைகள், நீர்மட்டம் எவ்வளவு என்னும் தொடர்ச்சியான பதிவே அவ்வாதத்திற்கு வலுச் சேர்க்கும்.

அவ்விளிம்பு பறவைகளுக்கு மட்டும் உரியதன்று. மழைநீரைத் தாங்கிக் கொள்ளும் இடமும் அதுவே. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மேட்டு ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தில் சேர, அங்கிருந்து திறக்கப்பட்ட நீர் அடையாற்றில் பாய்ந்தது. ஏரிச்சங்கிலியின் எந்தக் கண்ணி சுருங்கினாலும் அதன் சுமை அடுத்த கண்ணியின்மீது விழும். பறவைகளைத் தேடி ஆண்டுதோறும் அதே கரைக்குச் செல்வோரின் குறிப்பேட்டில், நீர் எதுவரை நின்றது, விளிம்பு எங்கே மாறியது என்பனவும் பதிவாகின்றன. எனவே பறவைக் கணக்கு ஏரியின் உடல்நலக் குறிப்பாகவும் அமைகிறது.

கணக்கெடுப்பைத் தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. நம் ஊர் ஏரியில் ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், அரைமணிநேரம் நின்று எண்ணலாம். தெரிந்த பத்துப் பறவைகளிலிருந்து தொடங்கலாம். தேதி, நேரம், வானிலை, நீர்மட்டம், பறவை, எண்ணிக்கை என ஆறு பத்திகள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். பனி படர்ந்த நாளில் ஐந்தாம் பத்தியும் ஆறாம் பத்தியும் ஓரளவே நிரம்பும், மூன்றாம் பத்தியில் "பனி, எதிர்க்கரை தெரியவில்லை" என்று எழுதி வைக்க வேண்டும். பத்தாண்டுகள் கழித்து அக்குறிப்பேட்டைத் திறக்கும் ஒருவர், அந்த நாளின் எண் ஏன் குறைந்தது என்பதைப் புரிந்துகொண்டு, அடுத்த பக்கத்தை நம்பிக்கையோடு படிப்பார்.